பார்வையாளர்கள் கடத்திய நடிகை

வாழ்க்கையில் ஒரே ஒரு நாடகத்தில் நடித்திருக்கிறேன். அதில் பார்வையாளர்கள் என்னைக் கடத்திக்கொண்டு போய்விட்டார்கள். பெரிய பெரிய நடிகைகளுக்கும் கிடைக்காத பெருமை இது.

அப்போது நவீன நாடகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தேன். நடிப்பவருக்கும் பார்ப்பவருக்கும் நடுவே இருக்கும் கோடு அழிய வேண்டும் என்பது என் வாதம். பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன், மேடை ஏறியதில்லை. (பள்ளி ஆண்டு விழாவில் மரமாக நின்றது கணக்கில் சேராது.) படித்துப் பார்த்த நெறியாளர், "ஒரு தடவ செஞ்சு பாத்துட்டு வாம்மா, அப்புறம் கையெழுத்துப் போடுறேன்" என்றுவிட்டார்.

நாடகக் குழு வைத்திருந்த நண்பன் செந்திலைப் பிடித்தேன். இடம், ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்ட். வேலையில் சேரக் கிளம்பும் மனைவியைக் கணவன் பஸ் ஏற விடாமல் தடுக்கிறான். சுற்றி நிற்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். நாடகம் என்று யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்பதும் என் ஏற்பாடுதான். நெறியாளர் டீக்கடை ஓரமாக நின்று கவனித்தார்.

"வேலைக்கெல்லாம் போகக் கூடாது" என்று கத்திக்கொண்டே செந்தில் என் பையைப் பிடுங்கினான். வெற்றிலை விற்றுவிட்டுச் சோழவந்தானுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஓர் அக்கா, அவன் கையைத் தட்டிவிட்டுப் பையை வாங்கி என்னிடம் கொடுத்தார்.

"வேலையில சேரத்தானத்தா போற? வண்டியில ஏறு."

அதற்குள் நாலு பேர் செந்திலின் சட்டையைப் பிடித்துவிட்டார்கள். நான் பதறிப்போய், "விடுங்கண்ணே, இது நாடகம்ணே" என்றேன்.

"எம்புட்டுப் பயந்திருந்தா இப்படிச் சொல்லும்" என்றபடி கண்டக்டர் என்னைச் சோழவந்தான் பஸ்ஸில் ஏற்றி விசில் ஊதினார்.

செந்தில் பஸ்ஸுக்குப் பின்னால் ஓடிவந்ததில், இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் எல்லோருக்கும் தீர்ந்துபோனது. அங்கே டீக்கடை ஓரமாக நின்ற நெறியாளரை என் மாமனார் என்று முடிவு கட்டி, மகனை அடக்காமல் வேடிக்கை பார்க்கிறீர்களே என்று வறுத்தெடுத்தார்களாம்.

சோழவந்தான் வரை அக்கா என் கையை விடவில்லை. போகிற வழியில் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு அக்கா சொன்னார்:

"நல்லாத்தான் நடிச்ச. ஆனா நாளைக்கு அவன் மறுபடி மறிச்சாலும் நான் வருவேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. எழுதியதெல்லாம் உண்மைதான் என்று அன்றுதான் நானே நம்பினேன்.

வாய்மொழித் தேர்வில், பார்வையாளர்கள் நிஜமாகவே குறுக்கிடுவார்கள் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் நெறியாளர் எழுந்து, "நானே திட்டு வாங்கியிருக்கேன் சார்" என்றார். பட்டம் கிடைத்தது.

செந்திலையே கல்யாணமும் செய்துகொண்டேன். இப்போதும் நாங்கள் சண்டையை ஆரம்பித்தால், மகள் படிப்பதை நிறுத்திவிட்டு வந்து நிற்பாள்.

"நெசமா, நாடகமா? மொதல்லயே சொல்லிருங்க. நாடகம்னா பாக்குறவ நான் நடுவுல வரணும்ல."