பிரதர் யோகேஸ்வரன் உதவிக்கு வருகிறார்

உதவிக்கு வருகிறவர்களில் ஒரு ரகம் உண்டு. வந்த பிறகு நாம்தான் அவர்களுக்கு உதவ வேண்டியிருக்கும். உங்களுக்கும் இவர்களைத் தெரியும். வாசலில் நின்றே "ஒண்ணும் யோசிக்காதீங்க, நாங்க இருக்கோம்ல" என்பார்கள். இருப்பார்கள். இருந்துகொண்டே இருப்பார்கள்.

ராகலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றின் சின்னக் கிறிஸ்தவச் சபையில் இந்த ரகத்துக்குத் தலைவர் பிரதர் யோகேஸ்வரன். நல்ல மனிதர். காய்ச்சல் வீடு, சாவு வீடு, பிள்ளை பரீட்சையில் கோட்டைவிட்ட வீடு என்று எங்கே துக்கமோ அங்கே ஏழு பேரையும் ஒரு கிட்டாரையும் கூட்டிக்கொண்டு போய் இறங்கிவிடுவார். "அன்புன்னா செயல்ல காட்டணும்" என்பது எப்போதும் அவர் வாயில் இருக்கும் பேச்சு. வாயை விட்டு அது கீழே இறங்கியதில்லை.

மலையில் கொழுந்து பறிக்கும்போது வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்ட காளியாயிக்கு, திங்கட்கிழமை நுவரெலியா ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு வெட்டும் நாள். தவறவிட்டால் இன்னும் ஒரு மாதம் அந்தக் கட்டோடுதான் கிடக்க வேண்டும். பஸ் ஆறரைக்கு. தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்திலிருந்து ரோட்டுக்கு நூற்றிருபது படி. அதே லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் வீரய்யாவும் அவர் மனைவி வேலாயியும் தூக்கிப்போய் விடுவதாகச் சொல்லியிருந்தார்கள். பிரதர் விடுவாரா? "வேணாம்ணே, சபை எதுக்கு இருக்கு?" என்று தடுத்துவிட்டார்.

ஆறு மணிக்கே சபை வந்துவிட்டது. வந்தவர்களைச் சும்மா உட்கார வைக்க முடியுமா? காளியாயி ஒற்றைக் காலில் நொண்டி நொண்டி எட்டுப் பிளேன்டீ ஊற்றினாள். "அக்கா, எனக்குச் சீனி கொஞ்சம் கம்மியா" என்றார் பிரதர். பிறகு ஒரு பாட்டு. அது நன்றாக வந்துவிட்டதால் இன்னொரு பாட்டு.

"பிரதர், பஸ்ஸு..." என்றாள் காளியாயி, பிளாஸ்டிக் கதிரையின் நுனியில் உட்கார்ந்தபடி.

"அதுக்குத்தானேக்கா ஜெபிக்கப் போறோம்!"

எட்டுப் பேரும் கண்ணை மூடினார்கள். பாதையைச் செவ்வையாக்கும்படியும், வளைவுகளில் டிரைவரின் கையைப் பிடித்துக்கொள்ளும்படியும், டாக்டருக்கு ஞானம் கொடுக்கும்படியும், கட்டு வெட்டும் கத்தரிக்கோலையும் ஆசீர்வதிக்கும்படியும் பிரதர் உருகி உருகி ஜெபித்தார். பொய்யில்லை, உண்மையாகவே அழுதார். கீழே வளைவில் பஸ் ஹோர்ன் அடித்தது. அவர் குரலை இன்னும் உயர்த்தினார்.

வேலைக்குப் பேர் பதியும் காலைப் பெரட்டுக்குக் கிளம்பிக் கூடையோடு வந்த வேலாயி வாசலில் எட்டிப் பார்த்தாள். காளியாயியின் கண்ணிலும் தண்ணீர். அது வேறு தண்ணீர். வேலாயி கூடையை இறக்கிவிட்டு வீரய்யாவைக் கைகாட்டி அழைத்தாள். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் காளியாயியைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள்.

ஆமென் சொல்லிக் கண் திறந்த பிரதருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்காவும் இல்லை, கதிரையும் இல்லை. வேதத்தில் ஓரிருவர் உயிரோடு அப்படியே பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறார்கள். ஆனால் கதிரையோடு யாரும் போனதாக அவருக்கு ஞாபகமில்லை. வாசலுக்கு ஓடினார்.

கீழே பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறும்போது காளியாயி திரும்பி, மலைக்கே கேட்கும்படி கத்தினாள்:

"பிரதர்! ஜெபம் முடிஞ்சிருச்சுனா அந்தக் கப்பெல்லாம் கழுவி வச்சிட்டுப் போங்க! என்னால பீலிக்குப் போக முடியாது!"

மலை ஊற்றுத் தண்ணீர் விழும் லயத்துப் பீலியில் காலைத் தண்ணீர் ஐஸாகக் கொட்டியது. எட்டுக் கோப்பைகளையும் பிரதர் தனியாகவே கழுவினார். விரல் விறைத்துப் போய்விட்டது. அன்பு வாயிலிருந்து கைக்கு இறங்கினால் இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டார். பெரட்டுக்குப் பிந்திப்போன வேலாயி அந்த நேரம் கணக்கப்பிள்ளையிடம் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? போன வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்த நண்பருக்கு, "என்ன உதவின்னாலும் கூச்சப்படாமக் கேளுங்க" என்று வட்ஸ்அப்பில் எழுதி, கைகூப்பும் படம் மூன்றும் சேர்த்து அனுப்பினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? அவர் கூச்சப்படவில்லை. கேட்டிருக்கிறார். அந்த மெசேஜை இன்னும் திறக்காமல் வைத்திருக்கிறீர்கள்.