அண்ணாவின் மூளை மாத்திரை

நான் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் திருடியிருக்கிறேன். அதையும் உருப்படியாகச் செய்யவில்லை.

எழுபதுகளில் எங்கள் வீடு திருவனந்தபுரம் கோட்டைக்குள் இருந்தது. வங்கி குமாஸ்தா பரீட்சைக்கு நான் நெட்டுருப் போட்டுக்கொண்டிருந்தேன். ஞாபகசக்திக்கு அம்மா பிரம்மி நெய் கொடுத்தாள். முதல் வாரம் ஒரே ஸ்பூனில் மேதையானேன். (நானே கொடுத்துக்கொண்ட பட்டம்.) பிறகு உடம்புக்குப் பழகிவிட்டது, மூன்று ஸ்பூன் விழுங்கியும் ஏறியது எடைதான்.

அப்போதுதான் அண்ணாவின் மாத்திரை கண்ணில் பட்டது. கணக்கு வாத்தியாரான அண்ணா, நாலு மாதமாக லீவு போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். மனச்சோர்வு என்று வெளியே தெரிந்தால் என்னைப் பெண் பார்க்க ஒருவனும் படியேற மாட்டானென்று, அம்மா புட்டியில் இருந்த லேபிளைக் கிழித்துவிட்டு 'மூளைக்குப் பலம்' என்று எழுதி ஒட்டியிருந்தாள். ஊரை ஏமாற்ற எழுதியதை நம்பியவள் நான் ஒருத்திதான். நம்பக் காரணமும் இருந்தது. மூன்று வாரத்தில் அண்ணா தானாக எழுந்து குளித்தான். பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய்கூட உடைத்துவிட்டு வந்தான். ஜூன் முதல் தேதி பள்ளியில் சேராவிட்டால் வேலை போய்விடும். சேர்ந்துவிடுவான் என்றே இருந்தோம்.

பரீட்சைக்குப் பத்து நாள் முன்பு, ஒவ்வொன்றாக எடுத்தால் எண்ணிக்கை காட்டிக்கொடுக்குமென்று, புட்டியை மொத்தமாகக் கவிழ்த்துக்கொண்டு வெள்ளைப் பெப்பர்மிண்டை நிரப்பினேன். நெய்யைப் போல இதுவும் பழகிவிடக் கூடாதே என்று பரீட்சை நாள் வரை ஒன்றையும் தொடவில்லை. (என்ன ஒரு விஞ்ஞானி!)

அன்று காலை இரண்டு போட்டுக்கொண்டேன். முதல் கேள்வியில் நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இரண்டாவது கேள்வியைப் படித்ததாக ஞாபகமில்லை. மேற்பார்வைக்கு வந்த அம்மாள் தோளைத் தட்டி, "மோளே, எல்லாரும் போயி" என்றாள். விடைத்தாளில் என் பெயர் பாதிதான் இருந்தது. மீதி என் கன்னத்தில் அச்சாகியிருந்தது.

வீட்டில் அதைக் கேட்டுச் சிரிக்க யாருமில்லை. அண்ணா மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டிருந்தான்.

அண்ணாவுக்கு மாத்திரை கொடுத்த டாக்டரிடம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. இது நெய்க்கு நேர்மாறு என்றார். முதலில் வருவது தூக்கமும் நாவறட்சியும்தான். மூளை தினம் தினம் பழகிய பிறகே குணம் தெரியும். நடுவில் விட்டால், "ஆத்யம் முதல் துடங்ஙணம்." மறுபடி முதல் நாளிலிருந்து, மறுபடி அத்தனை வாரம். ஜூன் முதல் தேதி வந்தது. அண்ணா எழுந்திருக்கவில்லை. வேலை போயிற்று.

வேலை போன துக்கமும் சேர்ந்து இழுத்தடிக்க, தீபாவளிக்கு முன்னால் அவன் தேறிய பிறகுதான் கேட்கத் தைரியம் வந்தது. "மாத்திரை தித்திச்சுதே, ஏண்ணா யார்ட்டயும் சொல்லலை?"

"நாக்குக்கு ருசி திரும்பிடுத்து, தேறிண்டு வரேனாக்கும்னு நெனச்சேன்டீ."

அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

அண்ணா பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போகவே இல்லை. வீட்டிலேயே டியூஷன் எடுத்தான். இன்றும் வீட்டில் யாருக்காவது பரீட்சை என்றால் என் கதையை அவன்தான் எடுத்துவிடுவான், நாக்கு ஒட்டிக்கொண்டதை நடித்தும் காட்டுவான். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். போன மாதம் அவன் பேத்தி, அப்புறம் என்ன ஆச்சு என்று விடாமல் கேட்டாள்.

"அப்பறம் ஒண்ணும் ஆகலை" என்றான், என் பக்கம் பார்க்காமல்.