மாமனாருக்காக ஒரு புராசஸர்

வாசலில் மாமனார் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும், ரேடியோ மெக்கானிக் அவசரமாகக் கடைசி ஸ்க்ரூவை முடுக்கினார். ஃபைனல் மேட்ச் தொடங்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

அவருடைய பழைய கம்ப்யூட்டருக்குத் தனித் திரை கிடையாது. வீட்டு டிவியில்தான் மாட்ட வேண்டும். கம்ப்யூட்டரில் இருந்த ஒரே உருப்படியான விஷயம் சதுரங்கம். ஒரு காயை நகர்த்த அரைமணி யோசிக்கும். ஞாயிறு தவறாமல் வரும் மாமனார், அதோடு ஆட உட்கார்ந்து கன்னத்தில் கைவைத்துக் காத்திருப்பார். மாமனாரைப் பார்த்து எழுந்திருங்கள் என்று சொல்ல எந்த மாப்பிள்ளைக்கு வாய் வரும்?

அதனால்தான் இந்தக் காலத்துப் புராசஸர் ஒன்றை வாங்கிக் கம்ப்யூட்டரின் முதுகில் சொருகியிருந்தார். இனி யோசிப்பதெல்லாம் அதன் பொறுப்பு. ஆட்டம் சட்டென்று முடியும், டிவி கைக்கு வரும் என்பது கணக்கு.

சட்டென்றுதான் முடிந்தது. ஒவ்வொரு முறையும் மாமனார் விரலை எடுப்பதற்குள் கம்ப்யூட்டர் பதில் காயை நகர்த்தி, ராஜாவை மடக்கிவிட்டது.

"என்ன மாப்பிள்ளை, இவ்ளோ வேகமா இருக்கு?"

"உங்களுக்காகத்தான் மாமா புதுசா வாங்கிப் போட்டேன்," என்றார் மெக்கானிக், வாய் கூசாமல்.

எழப்போன மாமனார் உட்கார்ந்துவிட்டார். "எனக்காகவா? அப்ப ஒரே ஆட்டத்தோட எழுந்தா நல்லா இருக்காது. இன்னொண்ணு போடுங்க."

அதிலும் தோற்றார். மறுபடியும் "இன்னொண்ணு." ஜெயித்தால் கிளம்பிவிடுவார் என்று மெக்கானிக் ஆட்டத்தைச் சுலபமாக்கினார். மாமனார் ஜெயித்தார்.

"சூட்டோட சூடா போய் அத்தைகிட்ட சொல்லுங்க மாமா."

"அவளையே இங்க வரச்சொல்றேன். துணைக்கு என் தம்பியும் வரட்டும்," என்று மாமனார் போனை எடுத்தார்.

இருவரும் வந்து சேர்ந்தபோது பக்கத்து வீட்டில் மேட்ச் தொடங்கிக் கைதட்டல் கேட்டது. சின்ன மாமனார் நாற்காலியை டிவிக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். மெக்கானிக்குக் கிட்டத்தட்ட அழுகை வந்துவிட்டது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குள் நுழைந்தார். பின்னாலேயே மாமியாரும் வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க மாப்பிள்ளை. அவருக்கு இந்த ஆட்டமே பிடிக்காது, நீங்க ஆசையா வெச்சிருக்கற மெஷினாச்சேன்னுதான் வாராவாரம் வந்து உக்கார்றாரு. இன்னிக்கு ஒருநாள் மட்டும் அதை நிறுத்திட்டு, அவருக்கு மேட்சைப் போட்டு விடுங்களேன்."