இஸ்திரிப் பெட்டியும் இருபது ஓமும்

இருபது ஆண்டுகள் இஸ்திரிப் பெட்டியோடு திரிந்தும் தம் சட்டையை ஒருமுறைகூடத் தேய்த்துக்கொள்ளாத மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் பழவேற்காட்டில் இருந்தார். ஊரார் அவரைப் பெட்டி நைனா என்பார்கள்.

மின்கம்பி வேலை அவர் தொழில். தோளில் துணிப்பை, அதற்குள் பழைய இஸ்திரிப் பெட்டி, மின்னழுத்தம் காட்டும் கருவி, கம்பியைக் கவ்வி மின்னோட்டம் காட்டும் மீட்டர், ஒரு கட்டைப் பென்சில். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் பெட்டியைச் சொருகுவார். இரண்டு எண்களைப் படிப்பார். ஒன்றை மற்றொன்றால் வகுத்து மின்தடையையும், இரண்டையும் பெருக்கித் திறனையும் சுவரிலேயே எழுதுவார். அதன் பின்புதான் நலம் விசாரிப்பார். வெள்ளையடிப்பவர்கள் அவர் நீடூழி வாழ வேண்டினார்கள்.

டச்சுக்காரர் கல்லறை மதிலோரம் அவர் மதிய உணவு உண்பார். அதன் வாயிலில் நிற்கும் இரண்டு கல் எலும்புக்கூடுகளும் ஒரு காலத்தில் தசையோடு இருந்தவை என்றும், நைனாவின் கணக்கை இறுதிவரை கேட்டதால்தான் அப்படி ஆயின என்றும் படகுத்துறையில் சொல்வதுண்டு.

நான் பள்ளி ஆசிரியனாகக் கோட்டைக்குப்பத்தில் குடியிருந்தபோது பக்கத்து வீட்டில் கன்னியம்மாள் இருந்தார். நாள்தோறும் இறால் கூடையைச் சுமந்து, பேருந்தில் திருப்பாலைவனம் போய் விற்றுவருவார். கழுத்து வலி பொறுக்காமல் பழைய ஃப்ரீசர் ஒன்றை வாங்கினார். வெள்ளிக்கிழமை சென்னை வியாபாரி வந்து பார்ப்பதாகவும், இறால் நன்றாக உறைந்திருந்தால் இனி வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்வதாகவும் பேச்சு. புதன்கிழமையும் வந்தது, ஃப்ரீசர் முனகிற்றே தவிர, குளிரவில்லை. நைனாவுக்கு ஆள் போயிற்று.

"இன்னாமே, ஃப்ரீசரு இன்னா சொல்லுது?" என்றபடி வந்தார் நைனா.

"முனகுது நைனா. மெக்கானிக்கு வந்தான். பிளக்குல எரநூத்தி இருவது வருது, கரண்டு சரியா கீது, கம்ப்ரசர் போச்சி, தூக்கிக் கடல்ல போடுன்னுட்டான்."

"சும்மா குந்தினிருக்கறப்போ எல்லாந்தான் எரநூத்தி இருவது காட்டும். வேல வாங்கிப் பாத்தானா அவன்?"

நைனா ஃப்ரீசரைக் கழற்றிவிட்டு, அதே பிளக்கில் இஸ்திரிப் பெட்டியைச் சொருகினார். வாசற்படியில் சாய்ந்திருந்த கன்னியம்மாளின் தம்பி ஏழுமலை சிரித்தான்.

"இன்னா நைனா, இறாலுக்கு இஸ்திரி போடப் போறியா?"

நைனா அவனைப் பொருட்படுத்தவில்லை. வாசலில், மின் அளவி இருந்த பலகையில் இருநூற்று இருபது வோல்ட். உள்ளே பிளக்கில் நூற்று அறுபதுதான். மின்னோட்டம் மூன்று ஆம்பியர். பென்சில் சுவரில் ஓடியது.

"நூத்தி அறுவத மூணால வகுத்தா அம்பத்தி மூணு ஓம். அது எம் பெட்டி. எனக்கு வயசாவுது, அதுக்கு ஆவல. மீதி அறுவது வோல்ட்டு எங்க போச்சி? அறுவத மூணால வகு, இருவது ஓம். வழியில எவனோ குந்திகினு துன்றான்! அறுவத மூணால பெருக்கு, நூத்தி எம்பது வாட்ஸு. இந்த ஒயர இழுத்தது யாரு?"

ஏழுமலையின் சிரிப்பு நின்றது. "நாந்தான். துண்டு துண்டா கெடந்திச்சி. சேத்துக் கட்டினேன்."

மின்சாரத்தை நிறுத்திவிட்டு நைனா ஓலைக்கூரைக்கு அடியில் ஏறினார். ஆறு இணைப்புகள். ஆறும் அப்பழுக்கற்ற வலை முடிச்சுகள். மேலே நைலான் நூல் சுற்று வேறு. பழவேற்காட்டு ஏரியில் மீன்பிடிப்பவர்களில் ஏழுமலையைப் போல் வலை முடிபவர் இல்லை. ஆனால் அந்த முடிச்சுக்குள் செம்பும் செம்பும் பட்டும் படாமலும் இருந்தன. உப்புக் காற்றில் செம்பில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. சுற்றியிருந்த ஓலை கருகத் தொடங்கியிருந்தது.

"டேய், மடவை மீனு மாட்டினா இந்த முடிச்சி வுடாது, ஒத்துக்கறேன். கரண்ட இன்னாத்துக்குடா புடிச்சி வெக்கற? அது போறதுக்கு வழிய வுடுடா! முடிச்சிக்கு முப்பது வாட்ஸு. ஃப்ரீசரு பட்டினி கெடக்குது. கூரைக்கு ஆறு அடுப்பு வெச்சிகீற!"

கன்னியம்மாள் கூரையைப் பார்த்தார். பிறகு உள்ளே உறங்கிக்கொண்டிருந்த குழந்தையைப் பார்த்தார். ஏழுமலையே ஓடிப்போய்ப் புதுக் கம்பி வாங்கி வந்தான். ஏணியையும் அவனே பிடித்தான்.

இணைப்பே இல்லாத ஒரே கம்பியை இழுத்து முடித்ததும் மீண்டும் இஸ்திரிப் பெட்டி. இருநூற்றுப் பத்தொன்பது வோல்ட். நான்கு புள்ளி ஒன்று ஆம்பியர். "அதே அம்பத்தி மூணு!" என்று நைனா கூவிய மகிழ்ச்சியில் கூரைக் காகங்கள் பறந்தன. மறுபடி சொருகியதும் ஃப்ரீசரும் முனகலை நிறுத்திவிட்டு ஓடத் தொடங்கியது.

வெள்ளிக்கிழமை வியாபாரி ஓர் இறாலை எடுத்து மூடியின் விளிம்பில் தட்டினார். கல்லைப் போல ஒலித்தது. "நாளையிலிருந்து எடுத்துக்கறேம்மா" என்றார். அன்று மாலையே கன்னியம்மாள் கூடையைக் கவிழ்த்தார். அதற்குள் கோழி குடியேறியது.

கூலி வாங்க வந்த நைனாவை, அதைக் கொடுத்த பிறகும் கன்னியம்மாள் விடவில்லை.

"கழட்டு சட்டைய."

"இன்னாத்துக்குமே?"

"கழட்டுன்றன்ல!"

பனியனோடு நின்றார் நைனா. அவருடைய பெட்டியாலேயே அவர் சட்டையைக் கன்னியம்மாள் தேய்த்தார். நைனாவின் கண் மீட்டரை விட்டு நகரவில்லை. "தொள்ளாயிரம் வாட்ஸுக்கு ரெண்டுதாம்மே கம்மி" என்றார். மறுநாளே சட்டை பழையபடி கசங்கிவிட்டது.

இன்றும் வீட்டில் விளக்கு மங்கினால், மின்வாரியத்துக்குச் சொல்லுமுன் வாசலை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். கசங்கிய சட்டை ஒன்று வருகிறதா என்று. இந்த ஆண்டு வெள்ளையடித்தபோதும் நைனாவின் பென்சிலுக்கென்று ஒரு சுவரை விட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன்.