துளசிங்கம் என் வயிற்றுக்குள் எட்டிப் பார்த்த விவரம்

திருத்தணி,
1957, ஆனி மாதம்.

கனகம்மாசத்திரத்திலிருக்கும் பெரிய பாவா பங்காரு அவர்களுக்கு, மைத்துனன் பரசுராமன் கைகூப்பி எழுதிக்கொண்டது. தாங்களும் அக்காள் மணியம்மையும் மாடு கன்றுகளும் சௌக்கியம்தானே? இவ்விடத்து க்ஷேமத்தைப் பற்றி வழக்கம்போல ஒரு வரி எழுதிவிட்டு மேலே போகலாமென்றுதான் பேனாவை எடுத்தேன். க்ஷேமம் என்று எழுதினால் பொய் சொன்ன பாவம் வரும். க்ஷேமமில்லை என்று எழுதினால் அக்காள் அடுத்த பஸ்ஸில் அழுதுகொண்டே வந்து இறங்கிவிடுவார்கள். ஆகவே அதை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

என் மகன் டாக்டர் துளசிங்கம் தங்கள் பேச்சைத்தான் கேட்பான். தாங்கள் உடனே அவனுக்குக் கண்டிப்பாக ஒரு கடிதம் எழுதி, பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் அவன் படிக்கிற வயிற்றுப் படிப்பை நிறுத்திவிட்டு ஊருக்கு வரச் சொல்ல வேண்டியது. எல்லா டாக்டரையும் போலக் காய்ச்சலுக்கும் இருமலுக்கும் மருந்து கொடுத்துக்கொண்டு கௌரவமாக இருக்கட்டும். முழு உடம்புக்கும் படித்துப் பட்டம் வாங்கினவன், மறுபடி ஒரு புரொபசர் பின்னால் மாணாக்கனாக நின்று, குடலுக்கும் இரைப்பைக்கும் ஈரலுக்கும் தனியாகப் படிக்கிறான். இன்னும் மேலே படித்தால் தொப்புளுக்கு மட்டும் டாக்டர் ஆவான் போலிருக்கிறது. விடிந்ததும் ஊரார் மலத்தைக் குப்பியில் வைத்துப் பார்க்கிறானாம். அதை நாம சாப்பிட உக்காரும்போதுதான் சொல்வான். அவன் அம்மா ரத்தினம்மாள் அதையும் பெருமையாக் கேட்டுகினு இன்னொரு கரண்டி சாம்பார் ஊத்துவாள். இதெல்லாம் பொறுத்துக்கினேன் பாவா. போன வாரம் நடந்ததைத்தான் பொறுக்க முடியல.

எனக்குச் சாப்பிட்டா வயித்துல நெருப்பு அள்ளிப் போட்டாப்ல எரியறது உங்களுக்குத் தெரியும். இஞ்சிச் சாறு, சோடா, மலைக்குப் போய் விபூதி, எல்லாம் ஆச்சு. உடம்பு இளைச்சு வேட்டி இடுப்புல நிக்கல. ஊருக்கு வந்த துளசிங்கம் என்னைப் படுக்க வெச்சு அமுக்கிப் பாத்தான். "காத்துதான் நைனா. எதுக்கும் வயித்தை ஒரு எக்ஸ்ரே படம் எடுத்துடலாம், வாங்க"ன்னு ரயிலேத்தி இட்டுகினு போனான். ஆஸ்பத்திரி குமாஸ்தா என்னைப் பாத்து, "திருத்தணியா? அப்போ ஆந்திராக்காரரா?"ன்னான். "ஊரு எந்தப் பக்கம்னு சர்க்காரே இன்னும் அடிச்சுகினு இருக்குது, வயித்து வலி மட்டும் என்னுதுதான், எழுதிக்கோ"ன்னேன். வெள்ளையாக் கூழு மாதிரி ஒண்ணைக் குடிக்க வெச்சு படம் எடுத்தாங்க. அந்தப் படத்தை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுகினு டாக்டருங்க நாலஞ்சு பேரா நின்னப்ப துளசிங்கம் என் பக்கம் திரும்பவே இல்ல. "இன்னாடா?"ன்னேன். "காத்துதான் நைனா."

மறுநாள் ஒரு இருட்டு ரூம்பு. ஒரு முழத்துக்கு மேல நீளமா ஒரு குழாய், பாதி இரும்பு, பாதி ரப்பர், நுனியில குட்டி விளக்கு. அதை வாய் வழியா வயித்துல விட்டு உள்ளே எட்டிப் பாப்பாங்களாம்! சொந்த அப்பனுக்கு மகன் போடக்கூடாதுன்னு புரொபசர் சட்டம். அதனால துளசிங்கத்தோட படிக்கிற கோயமுத்தூர் டாக்டர் வந்தாரு. நல்ல பிள்ளைதான், ஆனா கையில ஒரே வேர்வை. தொண்டையில குழாய் பட்டதும் எனக்குக் குமட்டி, அவரு கையைப் பிடிச்சுத் தள்ளி, பக்கத்துல நின்ன நர்ஸம்மா மூக்குக் கண்ணாடி எகிறிப் போய் விழுந்துச்சு. மறுபடி வந்தாரு. மறுபடி தள்ளினேன். புரொபசர், "விடுங்க, வயித்தைக் கிழிச்சே பாத்துடலாம்"ன்னாரு. கிழிக்கிறதாமே! நான் எழுந்து உக்காந்து, "எம் மகன் போட்டா முழுங்கறேன். வேற எவனும் என் வயித்தை எட்டிப் பாக்க வேணாம்"னேன்.

புரொபசர் துளசிங்கத்தையே பாத்தாரு. "முடியுமா?"

துளசிங்கம் போய்க் கையைக் கழுவிகினு வந்தான். அப்புறம், "ஆங் சார்"னான்.

என் தலையை நேரா நீட்டிப் பிடிச்சுக்க ஒரு ஆளை நிக்க வெச்சாங்க. துளசிங்கம் குனிஞ்சு என் காதுல, "நைனா, ரப்பர் இருந்தாலும் அதிகம் வளையாத குழாய் இது. நீங்க அசைஞ்சா உணவுக் குழல் கிழிஞ்சு போயிடும். என் கையாலேயே உங்களைக் கொன்ன மாதிரி ஆயிடும். அசையாதீங்க"ன்னான். அப்பன்கிட்ட பேசற பேச்சா பாவா? ஆனா நான் அசையல. கண்ணுல தண்ணி ஊத்துது, மூச்சு முட்டுது, வயித்துல சைக்கிள் ட்யூபுக்கு அடிக்கிறாப்ல காத்து அடிக்கிறான், நான் கல்லு மாதிரி கெடந்தேன். அவன் குழாய் மேல கண்ணை வெச்சான். வெச்ச கண்ணு எடுக்கல. புரொபசர் இங்கிலீஷ்ல இன்னாவோ கேட்டாரு. பதில் இல்ல. மறுபடி கேட்டாரு. அவனை நவுத்திட்டு அவரே பாத்தாரு. பாத்துட்டு, "பியூட்டிஃபுல்!"ன்னாரு. எனக்கு இங்கிலீஷ் தெரியாட்டியும் அந்த வார்த்தை தெரியும், எருமைச் சந்தைக்கு வந்த ஒரு துரை சொல்லிக் கேட்டிருக்கேன். உடனே மத்த டாக்டருங்களைக் கூப்பிட்டாரு. அவங்க வரிசையா வந்து ஒவ்வொருத்தரா எட்டிப் பாத்து "பியூட்டிஃபுல்", "பியூட்டிஃபுல்"ன்றாங்க. இத்தினி படிச்சவங்க சேர்ந்து அழகுன்னு சொன்னா, அது மனுசனுக்கு ஆகற பொருளா இருக்க முடியாதுன்னு புரிஞ்சு போச்சு. அப்போ என் கழுத்துல சூடா ஒரு சொட்டு விழுந்துச்சு. துளசிங்கம் அழறான். சரி, முடிஞ்சுதுன்னு நெனச்சேன். கரும்புக்கு யாரு தண்ணி பாய்ச்சுவாங்கன்னு நெனச்சேன். ரத்தினம்மாளுக்கு யாரு சொல்வாங்கன்னு நெனச்சேன். வாயைத் தெறந்து ஒரு வார்த்தை கேக்க முடியல.

குழாயை உருவினதும் துளசிங்கம் தரையிலேயே உக்காந்துட்டான். புரொபசர்தான் என் தோளைத் தட்டி, "பெரியவரே, புண்ணு. வெறும் புண்ணு. ஓரமெல்லாம் சுத்தமா இருக்கு, ஆற ஆரம்பிச்சாச்சு. படத்தைப் பாத்து நாங்க புத்துநோய்னு பயந்துட்டோம்"ன்னாரு.

புத்து! அந்தப் பையன் அது தெரிஞ்சுகினே ராத்திரி பக்கத்துல உக்காந்து என் கூடச் சிரிச்சுச் சிரிச்சுப் பேசினான். வராந்தாவுல அவனைப் பிடிச்சுகினு, "ஏண்டா பொய் சொன்னே?"ன்னேன். "சொல்ல வாய் வரல நைனா"ன்னான்.

இப்பச் சொல்லுங்க பாவா. மணிக்கொரு தரம் பால் குடிக்கிறதும், மிளகா இல்லாத கொழம்பும் நான் பட்டுக்கறேன். ஆனா அப்பன் வயித்தைப் பாத்துட்டே வாய் அடைச்சுப் போனவன், நாளைக்கு இன்னொருத்தன் வயித்துல நெஜமாவே புத்தைப் பாத்தா அந்தாளு பெண்டாட்டிகிட்ட எப்படிச் சொல்வான்? தெனம் தெனம் இப்படி ஒரு இருட்டு ரூம்புல நின்னா எம் மகன் நெஞ்சு இன்னாத்துக்கு ஆவும்? அதனாலதான் கேக்கறேன், அவனை அங்கேயிருந்து பிடுங்கிடுங்க. காய்ச்சலும் இருமலும் போதும்.

அக்காளுக்கு என் வந்தனம். குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். தணிகை மலையான் எல்லார் வயிற்றையும் குளிர வைத்துக் காப்பானாக.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன் பரசுராமன்

பி.கு: இது தபாலில் போடாமலே பத்து பதினஞ்சு நாள் கிடந்துடுச்சு, அதுக்குள்ள பக்கத்துக் கழனி பெருமாள் ரத்தமா வாந்தியெடுத்து மயங்கிட்டான். அவன் பெண்டாட்டி ஜெயம்மாள் ஓடி வந்து என் கையைப் பிடிச்சுகினாள். நான்தான் ரெண்டு பேரையும் பட்டணத்துக்கு, துளசிங்கத்துகிட்ட இட்டுகினு போனேன். ரத்தம் நின்னதும் குழாய் போட்டுப் பாத்தான். இந்தத் தடவை யாரும் பியூட்டிஃபுல்னு சொல்லல. எம் மகன் வெளியே வந்து, பெஞ்சியில ஜெயம்மாள் பக்கத்துல உக்காந்து, "அக்கா, கட்டி இருக்குது. அறுத்து எடுக்கணும். எடுத்தா பொழைக்க வழி இருக்குது. நான் கூடவே நிப்பேன்"ன்னான். குரல் நடுங்கல. அந்தம்மா அழுது முடிக்கிற வரைக்கும் எழுந்திருக்கவும் இல்ல. அறுத்தாச்சு. பெருமாள் இன்னிக்குக் கஞ்சி கேட்டானாம். ஆகவே மேலே எழுதியது எதையும் நீங்க செய்ய வேணாம். துளசிங்கத்துக்கு ஒரு வரி கூட எழுதாதீங்க. ஞாயித்துக்கிழமை அவன் ஊருக்கு வரான், பஜார் பூரா தெரிஞ்சு போயி, வயித்து வலிக்காரங்க இப்பவே எங்கிட்ட சொல்லி வெச்சுகினு இருக்காங்க. உங்களுக்கு நெஞ்செரியுதுன்னு அக்கா எழுதியிருந்தாங்களே, நீங்களும் காலையில வெறும் வயித்தோட வந்து சேருங்க. ஆனா வரிசையில நிக்கணும். அதுல நான் பாவான்னு பாக்க மாட்டேன்.