கார்டு போட்டுவிட்டு வரும் கண்காணிப்பாளர்

மனிதர்களில் கண்காணிப்பாளர் என்று ஓர் இனம் உண்டு. எல்லாவற்றையும் பார்ப்பார்கள், பார்க்க வேண்டியதை மட்டும் பார்க்க மாட்டார்கள். மதுரையில் எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒருவராவது கிடைப்பார். எனக்குக் கிடைத்தவர் கோச்சடையில் எங்கள் எதிர்வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற சுபேதார் உக்கிரபாண்டி.

பட்டாளத்துக்காரன் லீவில் வந்து பெண்டாட்டியை அடித்து நொறுக்கினால் யார் கேட்பது? ஏன், சர்க்கார் கேட்கும்! அதற்கென்று ஒரு குழு, குழுவுக்கு ஓர் உறுப்பினர், உறுப்பினருக்கு ஒரு சைக்கிள், ஒரு ஃபைல், இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட மீசை. உக்கிரபாண்டியிடம் மூன்றுமே இருந்தன. ஆகவே அவரே உறுப்பினர்.

அவருக்கு ஒரு கொள்கை உண்டு. எந்த வீட்டுக்கு விசாரிக்கப் போனாலும் ஒரு வாரம் முன்பே தபால் கார்டு போட்டுவிடுவார். யாருக்கு? மனு எழுதியவளுக்கு என்றா நினைத்தீர்கள்? புருஷனுக்கு. "தங்கள் மீது தங்கள் மனைவி கொடுத்துள்ள மனு தொடர்பாக ஞாயிறு காலை பத்து மணிக்கு வருகிறேன். தயாராக இருக்கவும்."

இது சரியா என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"இன்ஸ்பெக்‌ஷன்னா சொல்லிட்டுத்தாண்ணே போகணும். சொல்லாமப் போனா எவன் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டு வச்சிருப்பான்?" என்றார்.

போன சித்திரையில், சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் வேண்டும் என்று என்னைச் சைக்கிள் கேரியரில் ஏற்றிக்கொண்டு விளாங்குடிக்குப் போனார். பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்த நாயக் காசிமாயன் வீடு. மனு கொடுத்தவள் அவன் மனைவி ஜெயக்கொடி. வீடு முழுக்கப் புதுச் சுண்ணாம்பு வாசனை. கம்பளி மூலைக்கு மூலை மடித்திருந்தது. உக்கிரபாண்டி நிலைக்கு மேலே விரலை ஓட்டிப் பார்த்தார், தூசி இல்லை. ட்ரங்குப் பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார், ஒழுங்கு. பூட்ஸைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துத் தன் மீசையையே அதில் பார்த்துக்கொண்டார். மணிக்கட்டு வரை கை வைத்த ரவிக்கையை அந்த வெயிலில் போட்டுக்கொண்டு, ஒரு கண் பாதி மூடி வீங்கியிருக்க, ஜெயக்கொடி காப்பி கொண்டுவந்து நீட்டினாள். அவர் காப்பியைப் பார்த்தார்.

"ஏப்பா, இவளை அடிச்சியா?"

"இல்லிங்க சாப்."

"பாத்தியா தாயி, இல்லங்கிறான்ல."

ஜெயக்கொடி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "உங்க கார்டு வந்த அன்னைக்குத்தாய்யா இந்தக் கண்ணு. அடுத்த தடவ வந்தா சொல்லாம வாங்க."

"சொல்லாம வாரதுக்கு நான் என்ன களவாணிப் பயலா?" என்று உக்கிரபாண்டி சிரித்தார். காசிமாயனும் சிரித்தான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் சிரித்தேன்.

ஃபைலில் எழுதினார்: 'குடும்ப நிலை திருப்தி. அடுத்த பார்வை ஆறு மாதம் கழித்து.' கீழே நான் கையெழுத்துப் போட்டேன். மீதிக் காப்பியையும் குடித்து முடித்தேன்.

நாங்கள் தெருவில் இறங்கியதும் பின்னால் கதவைச் சாத்தித் தாழ் போடும் சத்தம் கேட்டது. உக்கிரபாண்டி சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இதைப் படித்ததும் உங்களுக்கு அவர்மேல் ஆத்திரம் பொத்துக்கொண்டு வருகிறது, இல்லையா? வரட்டும். எனக்கு ஒரேயொரு சந்தேகம். நாங்கள் வந்ததிலிருந்து பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தே இருந்தது, அதில் ஒரு தலையும் இருந்தது. காசிமாயன் வீட்டுக் கதவு சாத்தியதும் அந்த ஜன்னலும் சாத்திக்கொண்டது. ஜெயக்கொடியின் முதல் அலறல் கேட்டபோது உள்ளே யாரோ ரேடியோ சத்தத்தைக் கூட்டினார்கள்.

விளாங்குடியில் உங்கள் வீடு எது என்று நான் கேட்கவில்லை. பயப்படாதீர்கள், கேட்க வந்தாலும் கார்டு போட்டுவிட்டுத்தான் வருவோம்.