பனிப்பாளத்தில் போட்ட துண்டு

மழை மறந்துபோன ஒரு காட்டில் வைரவநாதன் என்ற கரடி வாழ்ந்தது. ஓர் ஈயை விரட்டினால்கூட, விரட்டியது நியாயமா என்று மத்தியானம் வரை கவலைப்படும் கரடி அது.

அந்தக் காட்டு விலங்குகள் ஒரு கோடையில் கூட்டமாக வடகடலுக்குச் சுற்றுலா போயின. படகில் போய்ப் பனியாறு பார்ப்பது, திமிங்கிலம் பார்ப்பது, வேளாவேளைக்கு நம்மூர்ச் சாப்பாடு. ஏற்பாடு செய்தது மாசிலாமணி என்ற நரி.

படகு கரையைத் தொடுவதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டுகள் பறந்தன. காட்டில் பேருந்தானாலும் பந்தியானாலும் அதுதான் வழக்கம். துண்டு விழுந்த இடம் துண்டுக்காரருடையது. சிங்கம் வந்தாலும் அதை எடுத்துப் போடாது.

"இடப்பக்கம் பாருங்க, திமிங்கிலம்! பாக்காம விட்டா நான் பொறுப்பில்ல" என்றது நரி. எல்லாம் போனை உயர்த்தின. திமிங்கிலம் எழுந்து, மூச்சுவிட்டு, முழுகிப் போனது.

"போட்டோ சரியா விழல மாசிலாமணி. இன்னொரு தடவை வரச் சொல்லு" என்றது காட்டுப்பன்றி.

மலையிலிருந்து கடலுக்குள் இறங்கும் பனியாற்றின் எதிரே, மிதந்துகொண்டிருந்த அகலமான ஒரு பனிப்பாளத்தின் ஓரம் படகு நின்றது. "இறங்கி உட்காருங்க. இப்போ பனி இடிஞ்சு விழும். முன்னாடி இருந்தாத்தான் தெரியும்" என்றது நரி.

பாளம் சாயும்படி எல்லாம் ஓடின. இப்படி ஓடுவது அசிங்கமில்லையா என்று கரடி யோசித்தது. யோசித்து முடிப்பதற்குள் அதன் கை துண்டை எறிந்துவிட்டது. காற்றடிக்காத பள்ளமான இடம். உட்கார்ந்தால் இதமாக இருந்தது. யாரோ படுத்து எழுந்த சூடு.

அது யாருடைய சூடு என்று கரடி குழம்பிக்கொண்டிருந்தபோது, தண்ணீரிலிருந்து ஒரு கடல்நாய் தலை நீட்டியது. அதன் முதுகில் ஒரு வெள்ளைக் குட்டி நடுங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே, கொஞ்சம் எழுந்திருங்க. அது எங்க இடம். நீங்க எல்லாரும் ஓடி வந்ததுல புள்ளை தண்ணியில விழுந்துட்டான். அவனுக்கு இன்னும் நீந்த வராது."

கரடி எழப் போனது.

"நீங்க உட்காருங்க சார்" என்ற நரி, கடல்நாயிடம் திரும்பியது. "ஏம்மா, துண்டு போட்டிருந்தியா?"

"துண்டா? அப்படின்னா?"

"பாத்தீங்களா! துண்டுன்னா என்னன்னே தெரியல, இடம் கேக்க வந்துட்டா."

"இவனைப் பெத்ததே இங்கதாங்க."

"எங்கம்மா என்னை பஸ்ஸுல பெத்தா. அதுக்காக பஸ் எங்களுதாயிடுமா?"

விலங்குகள் விழுந்து விழுந்து சிரித்தன. கரடி சிரிக்கவில்லை. இது அநியாயம் என்று அதற்குத் தெரிந்தது. ஆனால், தான் எழுந்தால்? காட்டுப்பன்றி துண்டும் கையுமாகப் பின்னாலேயே நிற்கிறது. பன்றிக்கு மனசாட்சி கிடையாது. எப்படியும் பறிபோகப் போகிற இடம், மனம் நோகத் தெரிந்த ஒருவனிடம் இருப்பதல்லவா மேல்? அல்லது, இப்படி நினைப்பதே சுயநலமோ? தன்னைத்தானே இவ்வளவு கடுமையாகக் கேட்டுக்கொள்ள முடிகிறதே என்று அதற்குச் சற்று ஆறுதலாகவும் இருந்தது.

"அண்ணே, புள்ளைக்கு உடம்பு மரத்துப் போச்சு. பிடி நழுவுது."

"கொஞ்சம் பொறும்மா. உன்னைப் பத்தித்தான் யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

அப்போது பனியாற்றின் முகப்பு பெரும் சத்தத்தோடு இடிந்து கடலில் விழுந்தது. எல்லாம் கைதட்டின. அலை எழுந்து, பாளத்தை ஆட்டி, அடங்கியது. தண்ணீரில் தாய் மட்டும் இருந்தது. சுற்றிச் சுற்றி நீந்தி, முழுகி, எழுந்து, கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

"வலப்பக்கம் பாருங்க, கடல்நாய் பாடுது!" என்றது நரி. போன்கள் வலப்பக்கம் திரும்பின.

கரடி குலுங்கிக் குலுங்கி அழுதது. பக்கத்தில் இருந்த மான் அதன் தோளைத் தட்டி, "உங்களுக்கு எவ்வளவு இளகின மனசு சார்! எங்களுக்கெல்லாம் இப்படி அழ வருமா?" என்றது. கரடி தலையாட்டிக் கண்ணைத் துடைத்தது. கிளம்பும் சங்கு ஊதும்வரை அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

நீதி: பிறர் இடத்தில் உட்கார நேர்ந்தால் மனதார வருந்த வேண்டும். வருந்தியவர் எழுந்திருக்க வேண்டியதில்லை.